தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கேமராவோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு விதமான ஆட்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேமராப் பையோடு கிளம்பி வருகிறவர்கள் ஒரு பக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்து, "நம்ம ஊர்ல எடுக்க என்ன சார் இருக்கு?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். பதில் இருவருக்கும் ஒன்றுதான். இந்த இரண்டு மாவட்டங்களில் நல்ல படம் கிடைப்பது லென்ஸைவிடப் பருவத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. எந்த மாதம் ஆற்றில் என்ன தண்ணீர், வயலில் என்ன பயிர், கோயிலில் என்ன விழா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எதை எடுக்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

பொங்கல் முடிந்த கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். அதே சமயத்தில் மாந்தோப்புகள் பூத்திருக்கும். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிச் சாலைகளில் காலை வெயிலில் மாம்பூவின் வெளிர்மஞ்சள் தோப்பு முழுக்கப் படர்ந்து நிற்பதை யாரும் பெரிதாகப் படம் எடுப்பதில்லை, அது ஏனோ தெரியவில்லை. மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை என்ற அம்மன் திருவிழா. காவேரிப்பட்டணத்தில் அது பெரிய விழா. மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்து. பங்குனியில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாங்காய் அறுவடை. மண்டிகளில் இங்கே 'பெங்களூரா' என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய் மலையாகக் குவிந்திருக்கும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல். அக்டோபர், நவம்பரில் கேழ்வரகு முற்றும்போது யானைகள். டிசம்பர், ஜனவரியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலைப் பனி, ஏரிகளில் வலசைப் பறவைகள்.

மே மாத மதியம் மட்டும் வேண்டாம். பாறையும் வெயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் வெளுத்துவிடும்.

ஒகேனக்கல் போனேன். தண்ணீர் சேறாக ஓடியது, பரிசலும் இல்லை. ஏன்?

நீங்கள் போன மாதம் தப்பு, அவ்வளவுதான். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பலமாகப் பெய்து கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் அந்த நீர் சில மணி நேரத்தில் ஒகேனக்கல்லை எட்டிவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். நீர்வரத்து எகிறியதும் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடும். அருவிகள் தனித்தனியாகத் தெரியாது. பாறைகளெல்லாம் மூழ்கி, செம்மண் நிறத்தில் ஒரே பிரவாகமாக இருக்கும். காவிரியின் வேகத்தைக் காட்டும் படம் வேண்டுமென்றால் அதுதான் நேரம், ஆனால் தூரத்திலிருந்துதான் எடுக்க முடியும்.

அருவி அருவியாக, பாறை இடுக்கு, பரிசல், மீன் பிடிக்கிறவர் என்று எடுக்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்து நீர் தெளிந்த மாதங்கள் பொருத்தம். கிளம்பும் முன் அன்றைய செய்தியில் ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். இங்கே எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்போம்.

பரிசலில் கேமராவைக் கொண்டு போகலாமா?

போகலாம். உயிர்காப்பு உடுப்பை முதலில் நீங்கள் மாட்டுங்கள், அப்புறம் கேமராவுக்கு உறை போடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டினாலே போதும். அருவிக்குப் பக்கத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. சாரல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துப் பூஞ்சையாகத் தெரியும். கேமராப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம். முன்பக்கம் ஒரு யுவி ஃபில்டர், சட்டைப் பையில் துடைக்க மென்துணி இரண்டு. ஒன்று நனைந்தே தீரும்.

பரிசலில் முக்காலி வேலைக்கு ஆகாது. மூங்கில் பின்னல் உங்களோடு சேர்ந்து ஆடும், சுழலும். ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே போகாமல் வையுங்கள். துளி துளியாகச் சாரல் உறைந்து தெரிய 1/1000 வேண்டும். பட்டு போல வழியும் தண்ணீர் வேண்டுமென்றால் கரைக்கு வந்து, முக்காலியில் கால் வினாடியோ அரை வினாடியோ திறந்து எடுங்கள். போலரைசர் என்ற ஃபில்டர் இருந்தால் ஈரப்பாறையின் பளபளப்பு போய், பாறையின் உண்மையான நிறம் வரும். இங்கேயுள்ள பாறைகளில் கார்பனடைட் என்ற அரிய வகையும் உண்டு. அந்த வரிகளும் மடிப்புகளும் நெருக்கத்தில் எடுக்கத் தகுந்தவை. எல்லோரும் தண்ணீரையே எடுப்பதால் பாறை தப்பித்துவிடுகிறது.

பரிசல்காரரை எடுக்க வேண்டுமா? நடு ஆற்றில் வேலையாக இருக்கும்போது "இங்க பாருங்கண்ணே" என்று கூப்பிடாதீர்கள். பாறை நிழலில் நிறுத்தி மூச்சு வாங்கும்போது கேளுங்கள். நிழலில் வெளிச்சம் மென்மையாக இருக்கும், முகமும் தெளிவாக வரும்.

யானை எங்கே பார்க்கலாம்? சரியான இடத்தைச் சொல்லுங்கள்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சரியான இடத்தை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பர் வாக்கில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வனப்பகுதிகளுக்கு வரும். கேழ்வரகு பால் பிடிக்கும் நேரம் அது. பகலில் சானமாவு போன்ற சிறு காடுகளில் நின்றுவிட்டு, இருட்டியதும் வயலில் இறங்கும். விவசாயி இரவெல்லாம் பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருப்பார். வனத்துறை ஊழியர்கள் கூட்டத்தைத் திரும்பக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சமயத்தில் செல்போனும் கேமராவுமாக நூறு பேர் சாலையில் நின்றால் யானைக்குப் போக வழி அடைபடுகிறது. மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் மிதிபட்டுச் செத்தவர் பெரும்பாலும் படம் எடுக்கப் போனவராக இருக்க மாட்டார்; விடிகாலையில் வயலுக்குப் போன யாரோ ஒரு பெரியவராக இருப்பார். அதனால், விரட்டும் பணி நடக்கும் இடத்துக்கு வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்பதுதான் என் பதில். அவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கியதற்கு இது வருத்தமான பதில்தான்.

யானைகளுக்கும் இது சுகமான பயணம் இல்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன, 2 குட்டிகள் மட்டும் தப்பின. இந்த மண்ணில் யானைப் படம் எடுக்கிறவர் பின்னணியில் வேலியையும் கேழ்வரகையும் விட்டுவிட்டு, சுத்தமான காட்டு யானை மாதிரி வெட்டி எடுப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். வேலியும் பயிரும் சேர்ந்ததுதான் இங்கே யானையின் வாழ்க்கை.

சாலையில் போகும்போது யானை குறுக்கே வந்தால்?

பென்னாகரம் – ஒகேனக்கல் சாலையிலும் அஞ்செட்டி பக்கச் சாலைகளிலும் இது நடக்கும், முக்கியமாகக் கோடையில் தண்ணீர் தேடி வரும்போது. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். உள்ளேயிருந்தே இரண்டு படம் எடுத்தால் போதும்.

தொழில்நுட்பமாக ஒரு விஷயம்: ஃபிரேம் முழுக்க யானையின் கருத்த உடம்பு நிறைந்தால் கேமரா குழம்பி, படத்தை வெளுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். தோலின் சுருக்கமும் அதில் அப்பிய செம்மண்ணும் அப்போதுதான் தெரியும்.

காட்டுக்குள் போய்ப் படம் எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். இங்கே இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கி.மீ. காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, சுமார் 686 சதுர கி.மீ. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். அனுமதி தரக்கூடிய காரணங்களில் புகைப்படமும் ஒன்று. பொதுச் சாலையில் கடந்து போவதற்குத் தனியாகக் கேட்க வேண்டாம். ஆனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அது அத்துமீறல். தர்மபுரி, ஓசூர் வன அலுவலகங்களில் நேரில் போய், எதற்காக எடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது.

யானை தவிர வேறு என்ன இருக்கிறது?

காவிரிக் கரையே ஒரு தனி உலகம். கரையோரம் வரிசையாக நிற்கும் நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. கிளை விட்டுக் கிளை தாவும்போது வால் உடம்பு நீளத்துக்கு நீண்டு நிற்கும். அதன் நிறம் மரப்பட்டையோடு ஒன்றிவிடுவதால் முதலில் கண்ணில் படுவது அணில் இல்லை, மேலேயிருந்து விழும் கடித்த காய்த்துண்டு. விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். ஆற்றில் நீர்நாய்க் கூட்டம், மணல் திட்டில் முதலை, அப்புறம் மென்மையான ஓடு கொண்ட லீத் ஆமை. புதர்க்காட்டில் நாற்கொம்பு மான் உண்டு. அது வெட்கப்படும் விலங்கு, கண்ணில் படுவதே பெரிய விஷயம். முதலையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் போதும் என்றால் ஒகேனக்கல் முதலைப் பண்ணை இருக்கிறது. ஆனால் பண்ணையில் எடுத்த படத்தை ஆற்றில் எடுத்ததாகப் போடக் கூடாது.

பாறைக் குன்றுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற குருவியைத் தேடுங்கள். தென்னிந்தியாவின் தீபகற்பப் பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய் வந்த நண்பர்கள் பலர் இதைப் பார்த்ததில்லை.

பறவைகளுக்கு எந்த ஏரி?

கிருஷ்ணகிரி அணைப் பகுதி, பாரூர் ஏரி, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை. கூழைக்கடா, பாம்புத்தாரா, ஆற்று ஆலா, குளிர்காலத்தில் வாத்து வகைகள். சூரியனை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, முடிந்தவரை தரையோடு தரையாகப் படுங்கள். பறவையின் கண் மட்டத்தில் லென்ஸ் இருந்தால் படமே வேறாகிவிடும்.

கெலவரப்பள்ளியில் சில நாட்கள் தென்பெண்ணை முழுக்க வெள்ளை நுரை மிதக்கும். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து வருவதுதான் காரணம். தூரத்திலிருந்து பார்த்தால் பனி மாதிரி அழகாக இருப்பதால் சிலர் அதன் முன் திருமணத்துக்கு முந்தைய படங்கூட எடுக்கிறார்கள். அந்த நுரையில் கால் வைத்து இரை தேடும் ஒரு கொக்கை எடுத்து, கீழே காரணத்தையும் எழுதுங்கள். அது உருப்படியான படம்.

கூட்டின் அருகே போகாதீர்கள். செல்போனில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

சரணாலயத்தின் மேல் கூடாது. அணைகள் பக்கமும் வேண்டாம். மற்ற இடங்களில் 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும்: அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதியா என்று பார்த்து, 400 அடிக்குள் பறக்க வேண்டும். 250 கிராமுக்குள் இருக்கும் ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை, ஆனால் பக்கத்து வீட்டு ஆடு மாடு மிரண்டால் விதி எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

என்ன கேமரா வாங்கலாம்?

முதலில் கையில் இருக்கும் செல்போனோடு ஒரு சந்தைக்குப் போய்விட்டு வாருங்கள். முகங்கள், கைகள், காய்கறி, மாட்டுக்கொம்பு, இவற்றுக்கெல்லாம் செல்போன் போதும். பறவைக்கும் விலங்குக்கும் மட்டும் நீண்ட லென்ஸ் வேண்டும். பழைய கேனான் அல்லது நிக்கான் பாடி ஒன்றும் 300 மி.மீ. வரை போகும் ஜூம் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் வாங்கித் தொடங்கலாம். இரவுக் கூத்துக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, அது மலிவானது. கடன் வாங்கி 600 மி.மீ. வாங்க வேண்டாம்.

எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனைப் பாருங்கள். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தானே பூட்டிச் சேர்த்த கேமராவை வைத்துக் கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு யானைகள் இன்றைக்கும் கூர்மை குறையாமல் நிற்கின்றன. யானையின் குணத்தை முழுசாகப் படித்தவர் அவர்.

கூத்தை எப்படி எடுப்பது? இருட்டு, வெளிச்சம் இரண்டுமே சரியாக வருவதில்லை.

கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும். நல்ல படங்கள் அதற்கு முன்னாலேயே, ஒப்பனை நடக்கும் இடத்தில் கிடைக்கும். சாயங்காலமே போய், கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்காருங்கள். உள்ளங்கை அளவு கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியை நனைத்து துரியோதனன் வேஷக்காரர் தன் கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பார். அந்தச் சமயம் பேசக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் ஏறியதும் மனிதர் மாறிவிடுவார். சற்று முன்பு உங்களிடம் டீ வாங்கிக் குடித்தவரா இவர் என்று இருக்கும்.

மேடைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். கூத்தின் மிகச் சிறந்த கணம் அது. திரை விலகிய பிறகு எடுப்பவர்கள்தான் அதிகம்.

இப்போது எல்லா இடத்திலும் எல்.இ.டி. விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக இருட்டு விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். சுழலும்போது கை கொஞ்சம் கலங்கினால் பரவாயில்லை, முகம் நின்றால் போதும். துரியோதனன் வதம் நடக்கும் படுகள நாளில் மண்ணில் செய்த துரியோதனன் உருவம் பகல் வெளிச்சத்தில் கிடைக்கும். ஆனால் கூட்டம் நெருக்கும், அகல லென்ஸ் எடுத்துப் போங்கள்.

முகம் தெரியாதவர்களைப் படம் எடுக்கலாமா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே?

கேளுங்கள். இயல்பு போகும், பத்து நிமிடத்தில் திரும்பி வரும். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பதில் எதுவும் குறைந்துவிடாது. வேண்டாம் என்று கையை ஆட்டினால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள், அந்த வேண்டாமுக்கு விளக்கம் கேட்கக் கூடாது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில், தெருவில் போகும் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்தி எடுத்ததால் 2019-இல் தனியார் சந்துகளில் படம் எடுப்பதற்கே தடை வந்தது, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்கள் புனிதமாகக் கருதும் சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நம் சித்தேரி, வத்தல்மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடும், அஞ்செட்டிப் பக்கத்து இருளர் குடியிருப்பும் அதே மரியாதைக்கு உரியவைதான். குறிப்பாகக் குழந்தைகள். மூக்கு ஒழுகும் பழங்குடிக் குழந்தையின் கறுப்பு வெள்ளை முகம் போட்டியில் பரிசு வாங்கலாம். அந்தப் பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கேட்டால் கொடுக்கலாமா?

ஒருவர் தன் கூலி வேலையை நிறுத்தி உங்களுக்காக நின்றால் கொடுப்பதுதான் நியாயம். மற்றபடி நோட்டை நீட்டுவதைவிடப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது மேல். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்களில் ஒரு பிரிண்ட் டீ காசுக்குக் கிடைக்கும். செல்போனில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் போகிறவர்கள்தான் அடுத்து வருகிறவருக்கு வாசலை அடைக்கிறார்கள்.

நடுகல், கோட்டை, பழைய கோயில்களை எப்படி எடுப்பது?

பழைய தகடூர் நாடு, இன்றைய தர்மபுரி, இது. அதியமான் ஊர். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நல்ல தொகுப்பே இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். உச்சி வெயிலில் நடுகல்லை எடுத்தால் வெறும் கல்தான் தெரியும். காலை ஏழு மணி வாக்கில், வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்போது வீரனின் வில், வாள், ஓடும் மாடு, மேலே எழுத்து எல்லாம் எழும்பி வரும். சுற்றிலும் மரநிழல் என்றால் ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள், அதே பலன் கிடைக்கும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள்.

பல நடுகற்கள் இன்றைக்கும் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுகிற சாமிகள். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மல்லச்சந்திரத்தில் பாறை மேல் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள், வரிசையாக நிற்கின்றன. வானம் கலங்கிய நாளில் போனால் நல்லது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. இடம் பார்க்கச் சாதாரண மேடாகத்தான் இருக்கும், பிரமாண்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இராமாயண, மகாபாரத ஓவியங்கள் உள்ளன. மங்கிய நிறங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது. கேமராவை மல்லாக்க வைத்துக் கீழேயிருந்து எடுக்கலாம். இராயக்கோட்டை மாதிரியான கோட்டைகளில் ஏறுவதற்கு விடிகாலையே கிளம்புங்கள், தண்ணீரை மறக்காதீர்கள்.

சந்தை, பட்டுக்கூடு மார்க்கெட் இதெல்லாம் எடுக்கத் தகுமா?

நான் பார்த்தவரை இந்த மாவட்டங்களின் மிக நல்ல பயணப் படங்கள் இங்கேதான் கிடைக்கின்றன. தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடிக்குக் காலையிலேயே போங்கள். வெள்ளைக் கூடுகள் குவியலாக, நடுவில் சில மஞ்சள். வாங்க வந்தவர் ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கூட்டுப்புழு ஆடும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு கேட்பார். அந்த முகத்தை எடுங்கள், குவியலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெள்ளை அதிகமிருப்பதால் கேமரா படத்தை இருட்டாக்கும், இங்கே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை, போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை. ஓசூர் பசுமைக்குடில்களில் ரோஜா மொட்டுகள் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் வேலை மும்முரமாக இருக்கும். அவை தனியார் இடங்கள், உரிமையாளரைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

எவ்வளவு எடிட் பண்ணலாம்?

வெளிச்சம், நிறம், சாய்வு, வெட்டுதல், இதுவரை சரி. இல்லாத யானையைச் சேர்ப்பது, இருந்த கம்பியை நீக்குவது, நிலாவைப் பெரிதாக்கி ஒட்டுவது எல்லாம் வேறு கலை. அதைப் புகைப்படம் என்று சொல்லாமல் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உலகப் போட்டிகள் இதில் கண்டிப்பானவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாய் என்ற சந்தேகத்தில் தகுதி இழந்தது. 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்த எறும்புத்தின்னி என்று நடுவர்கள் முடிவு செய்து, 2018-இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். கேமராவிலிருந்து வந்த, திருத்தாத மூல ரா (RAW) ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டால் காட்ட வேண்டும்.

வெளிநாடு போனால்தான் பெயர் வருமா?

பெயர் வருமா தெரியாது, செலவு வரும். கென்யாவின் மசாய் மாராவில் ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற விலங்குகள் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் காட்சி உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அங்கே ஆற்றங்கரையில் மணிக்கணக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். காவிரிக்கரையில் நீர்நாய்க்காக ஒரு காலை முழுக்க உட்காரப் பழகியவருக்கு அது சிரமம் இல்லை. இங்கே அரை மணி நேரத்தில் சலிக்கிறவர் அங்கேயும் சலிப்பார். போவதானால் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் லித்தியம் உதிரி பேட்டரி அனுமதி இல்லை.

இரவு வானம் எடுக்க எங்கே போகலாம்?

வடக்கே ஓசூர், பெங்களூர் வெளிச்சம் வானத்தை வெளிறச் செய்துவிடும். பால்வீதியின் நடுப்பகுதி தெற்கு வானில் ஏறுவதால் அந்த வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பது நமக்கு வசதிதான். ஏப்ரல், மே மாத அமாவாசையை ஒட்டி, தெரிந்தவர் தோட்டத்தில் முக்காலி போடுங்கள். 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வரும் வினாடிக்குள் எடுத்தால் நட்சத்திரம் கோடாகாது, 20 மி.மீ. என்றால் 25 வினாடி. காட்டோரம் இரவில் நிற்காதீர்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று.

படத்தோடு இடத்தையும் போடலாமா?

ஊர்த்திருவிழா, சந்தை, கோட்டை என்றால் தாராளமாகப் போடுங்கள், ஊருக்கும் நல்லது. அரிய பறவை, கூடு, யானை நிற்கும் இடம், யாரும் அறியாத நடுகல் என்றால் மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். செல்போன் படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிடுவது நல்லது.

கார் இல்லை. ஞாயிறு ஒரே ஒரு நாள்தான். பஸ்ஸில் வந்தால் என்ன எடுக்கலாம்?

போச்சம்பள்ளி சந்தை. சனி இரவே கிருஷ்ணகிரி வந்து தங்கிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஆடு மாடு, அப்புறம் காய்கறி, பானை, கயிறு, கருவாடு என்று மதியம் வரை போகும். வெயில் உச்சிக்கு வந்ததும் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடுங்கள். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பாரூர் ஏரியில் இறங்கி, மாலை வெளிச்சத்தில் பறவை பார்க்கலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.